கல்லில் நிற்கும் புளி

தங்கவேலுக்குப் பகல் என்பது பழக்கமில்லாத ஊர் மாதிரி இருந்தது.

முப்பது வருஷத்துக்கும் மேலாகக் காவலூர் வானாய்வு மையத்தில் இரவு வேலை பார்த்தவர். தொலைநோக்கி இருக்கும் பெரிய கூண்டைத் திருப்புவது, அதன் மோட்டாரைக் கவனித்துக்கொள்வது, ஈரக்காற்று ஏறினால் கூரையை மூடச் சொல்லிக் குரல் கொடுப்பது, இதுதான் அவருடைய உத்தியோகம். விடிகிற நேரத்துக்கு வீடு வந்து சேருவார். கறுப்புத் துணி தைத்த ஜன்னலை இழுத்து மூடிக்கொண்டு படுத்தால், மனைவி கலைவாணி காபி தம்ளரோடு வந்து எழுப்பும்போது சூரியன் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருக்கும். கல்யாணம், காதுகுத்து, சாவு என்று போன நாட்களில் மட்டும் வெயிலைப் பார்த்திருக்கிறார். அதுவும் பாதித் தூக்கத்தில்.

தை மாதக் கடைசியில் ஓய்வு வந்தது. மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஜீப்பிலேயே கொண்டுவந்து வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். மறுநாளிலிருந்து அவர் வாசல் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கண் திறந்தேதான் இருந்தது. ஆனால் எது விழிப்பு, எது உறக்கம் என்று அவருக்கே பிடிபடவில்லை. பக்கத்துக் கொல்லையில் பெரியம்மாள் சாமை புடைக்கிற சத்தம் வரும்; அது மழையாக மாறும்; மழையில் யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்; திடுக்கிட்டுப் பார்த்தால் பெரியம்மாள் முறத்தைத் தட்டிக்கொண்டிருப்பாள். சுவரில் விழுந்த வெயில் மெல்ல நகர்ந்து நகர்ந்து அவர் காலில் ஏறும். ஒரு ஆடு வந்து எதிரில் நின்று அவரையே பார்க்கும். அந்த ஆடு நிஜமாகவே வந்ததா என்று பிறகு கலைவாணியிடம் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடுவார்.

இப்படிச் சில நாள் போனபிறகுதான் ஒன்று கவனத்துக்கு வந்தது. காலையில் வேலை முடிந்ததும் கலைவாணி மாடிக்கு ஏறுகிறாள். ஏறினால் இறங்குவதே இல்லை. மேலேயிருந்து சரக் சரக்கென்று ஏதோ சலிக்கிற ஓசை வருகிறது. இடையிடையே தண்ணீர் ஊற்றுகிற ஓசை. ஒரு நாள் அவரும் எழுந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினார்.

மாடியில் சிறு மரங்கள் நின்றன.

தொட்டிகள் இருப்பது அவருக்குத் தெரியும். வேலைக்குக் கிளம்பும்போது அரையிருட்டில் மாடியில் ஏதோ கும்பல் கும்பலாகத் தெரியும். துளசியோ ரோஜாவோ வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார். இப்போது வெயிலில் பார்க்கிறார். பலகைகளின் மேல் வரிசையாகத் தட்டுத் தொட்டிகள். ஒன்றில் விழுது விட்ட இச்சி மரம், முழங்கை உயரம். ஒன்றில் காட்டு நெல்லி. நடுவில் ஒரு புளியமரம். நிற்க வைத்தால் அவர் முழங்காலுக்கு எட்டும், அவ்வளவுதான். ஆனால் அடிமரம் மணிக்கட்டுத் தடிமனுக்குப் பட்டை வெடித்து, கிளை விரித்து, ஆலங்காயம் சாலையோரத்தில் பஸ் நிற்கிற புளியமரத்தை யாரோ வெகுதூரத்தில் கொண்டுபோய் நிறுத்தியது போல இருந்தது. அதன் அடியில் யாராவது துண்டை விரித்துப் படுத்திருக்கிறார்களா என்று அவர் கண் தன்னையறியாமல் தேடியது.

"இதெல்லாம் எப்போ வச்சே?" என்றார்.

"எப்போன்னா? கோகுலு பத்தாவது படிக்கும்போது ஆரம்பிச்சது." கோகுலகிருஷ்ணன் அவர்களின் ஒரே மகன். ஓசூரில் வேலையாக இருக்கிறான்.

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"சொன்னேன். எத்தினியோ தபா சொன்னேன். நீங்க தூக்கத்துல 'உம்'முன்னீங்க."

அவர் புளியமரத்துக்கு எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

கலைவாணியின் முன்னால் நான்கு சாக்குகள் வாய் திறந்து கிடந்தன. ஒன்றில் உடைத்த செங்கல். இன்னொன்றில் கருங்கல் பொடி ஜல்லி. மூன்றாவதில் சாம்பல் வெள்ளையாக ஒரு கல். கையில் அள்ளினால் எடையே இல்லை. நான்காவது சாக்கு என்று சொல்ல முடியாது, சின்னப் பைதான். அதில் கருஞ்சிவப்பாக, முரட்டுத்தனமான துண்டுகள்.

"மண்ணு எங்க?"

"மண்ணு கிடையாது."

"மண்ணே இல்லாம செடியா?"

"தொட்டியில மண்ணு போட்டா கொஞ்ச நாள்ல களி மாதிரி இறுகிப்பூடும். அப்புறம் காத்து போவாது. வேருக்குத் தண்ணி எவ்ளோ வேணுமோ அவ்ளோ காத்தும் வேணும்ங்க. கல்லுல வச்சா, தண்ணி ஊத்துனதும் ஓடிடும், கல்லு குடிச்சது மட்டும் நிக்கும். நடுவுல சந்துல காத்து."

செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டதாகச் சொன்னாள். அதில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களாம். ஜப்பானில் ஏதோ களிமண் உருண்டை இருக்கிறதாம். அதுபோல வராது என்று ஒருத்தர். பியூமிஸ் என்கிற அந்த எடையில்லாத வெள்ளைக் கல்தான் சிறந்தது என்று ஒருத்தர். சின்னப் பையில் இருக்கிற அந்தக் கருஞ்சிவப்பு லாவா கல் இல்லாமல் வேர் பிடிக்காது என்று இன்னொருத்தர். அவர்களெல்லாம் எங்கெங்கேயோ இருக்கிறவர்கள். இந்த மலைக் காற்றுக்கும் இந்த வெயிலுக்கும் எது சரிவரும் என்று அவர்களில் யாருக்குத் தெரியும்? அதனால் ஒரே இச்சி மரத்திலிருந்து நான்கு குச்சி வெட்டி, நான்கு தொட்டியில், ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கல்லில் தனியாக நட்டு வைத்திருந்தாள். பார்த்துவிட்டு, அப்புறம்தான் புளியமரத்தைத் தொடுவாள். புளியமரம் இன்னும் பழைய செம்மண்ணில்தான் இருந்தது. போன மழையில் தண்ணீர் தேங்கி, இலை மஞ்சளடித்திருந்தது.

அன்றைக்கு வந்து உட்கார்ந்தவர்தான். அதற்குப் பிறகு தங்கவேலின் பிளாஸ்டிக் நாற்காலி மாடிக்குப் போனது.

அவர் கல்லைப் பார்க்க ஆரம்பித்தார். நான்கு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் ஊற்றி நான்கையும் தனித்தனியே போட்டார். கருங்கல் போட்டவுடன் அடியில் போய் உட்கார்ந்து, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோலக் கிடந்தது. செங்கல் சின்னச் சின்னக் குமிழி விட்டது. ஒவ்வொரு துண்டின் மேலேயும் ஒரு சரம்போலக் குமிழி ஏறிக்கொண்டே இருந்தது. லாவா கல் நாலைந்து பெரிய குமிழி விட்டுவிட்டு அடங்கியது. பியூமிஸ் மிதந்தது.

கல் மிதப்பதை அவர் அதுவரை பார்த்ததில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் தம்ளருக்குள் புகுந்து மாடித் தரையில் நடுங்கியது. கீழே எங்கோ பஸ் ஒன்று வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. ஒரு கல் மட்டும் மெல்லத் தலையைச் சாய்த்து, யோசித்து, கீழே இறங்கத் தொடங்கியது. இறங்கும்போது அவரும் கூடவே இறங்கினார். தண்ணீருக்குள் இதமாக இருந்தது. சுற்றிலும் வெள்ளைக் கற்கள் மேகம் போல நின்றன. யாரோ சேலை முந்தானையால் வெயிலை மறைத்தார்கள்.

கண் விழித்தபோது கலைவாணி அவர் முகத்துக்கு நேரே குடையைக் கட்டிவைத்திருந்தாள். தம்ளரில் பாதிக் கல் அடியில் கிடந்தது. மீதி இன்னும் மேலே.

"இன்னாத்துக்கு இங்கியே தூங்குறீங்க? கீழ போய்ப் படுக்கலாமே."

"தூங்கல. பாத்துக்கினு இருந்தேன்."

"குறட்டை விட்டுக்கினேவா?"

பழைய பூதக்கண்ணாடி ஒன்று அவரிடம் இருந்தது. அதை வைத்து பியூமிஸைப் பார்த்தார். உள்ளே துளைக்குள் துளை, அறைக்குள் அறை. கலைவாணியும் வாங்கிப் பார்த்தாள்.

"நிலா இப்பிடித்தான் இருக்குமா?" என்று கேட்டாள்.

"நான் எங்க நிலாவப் பாத்தேன்? நிலா பெருசா இருந்தா அங்க வேலையே கெட்டுப்பூடும். வெளிச்சத்துல மத்ததெல்லாம் மங்கிடும். எப்போடா தேயும்னு இருப்பாங்க."

அவள் சிரித்தாள். முப்பது வருஷத்தில் வேலையைப் பற்றி அவளிடம் இவ்வளவு நீளமாக அவர் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஆனால் எல்லா நாளும் சிரிப்பாகப் போகவில்லை. தங்கவேல் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிற ஆளில்லை. சாக்குகளை இடம் மாற்றி வைத்தார். அவள் இரண்டு சல்லடையில் சலிப்பதை மூன்றாக்கலாம் என்றார். செங்கல் துண்டுகளைத் தரையில் தட்டித் தட்டிப் பார்த்து, கணீரென்று கேட்டால் ஒரு பக்கம், மொத்தென்று கேட்டால் ஒரு பக்கம் என்று பிரித்தார். வேகாத செங்கல் ஊறினால் சேறாகிவிடும் என்று அவளுக்கு முன்பே தெரியும். அதைத் தானே கண்டுபிடித்ததுபோல அவர் அவளிடம் வந்து சொன்னபோது, "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். ஒரு நாள் அவர் நெல்லிக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோது, சொம்பை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டாள். பிடுங்கவில்லை; வாங்கித்தான் வைத்தாள். இருந்தாலும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

மாசி போய் பங்குனி வந்தது. நான்கு குச்சிகளும் துளிர்த்தன. செங்கல்லில் இருந்தது பெரிய பெரிய இலையாக விட்டது. கருங்கல்லில் இருந்தது நகம் அளவுக்கு இலை விட்டு, முறைத்துக்கொண்டு நின்றது. காலையில் ஊற்றிய தண்ணீர் உச்சிக்கு முன்பே காய்ந்துபோகும், திரும்பவும் ஊற்ற வேண்டும். லாவா கல்லில் அவசரமே இல்லை. பியூமிஸில் நட்டதை மெல்லத் தூக்கிப் பார்த்தபோது மயிர் போல வெள்ளை வேர் கல்லின் துளைக்குள்ளேயே நுழைந்திருந்தது.

"அப்போ பியூமிஸ்தான். புளிய மரத்த முழுசா அதுலயே வச்சிடு," என்றார் தங்கவேல். தீர்ப்புச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அது அவ்ளோ லேசு இல்லீங்க."

"கண்ணால பாக்குறமே, வேர் எப்பிடி வந்துருக்குது."

"வேர் வந்துருக்குது. சரி. மரம் நிக்கணுமே."

அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. அன்று மத்தியானம் மலைக்காற்று எழும்பியது. மாடியில் உலர்ந்த சேலை பறந்து பெரியம்மாள் கொல்லைக்குப் போனது. இவர்கள் ஓடி வந்து பார்த்தபோது பியூமிஸ் தொட்டி மட்டும் கவிழ்ந்து, வெள்ளைக் கற்கள் மாடியெல்லாம் உருண்டுகொண்டிருந்தன. மற்ற மூன்றும் அசையவில்லை. இருவரும் மண்டியிட்டுக் கற்களைப் பொறுக்கினார்கள். தங்கவேல் ஒரு கல்லை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். பிறகு, "கனத்துக்குக் கொஞ்சம் கருங்கல் போடணும் போல," என்றார்.

"ஆமா," என்றாள் அவள்.

கடைசியில் இரண்டு பங்கு செங்கல், ஒரு பங்கு பியூமிஸ், ஒரு பங்கு கருங்கல் என்று முடிவானது. லாவா கல் கொஞ்சம்தான் இருந்ததால் அதை வேறொன்றுக்கு வைத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் பட்டாணி அளவுக்குச் சலித்து, தூசியை அலசிக் கொட்டினாள். தூசி இருந்தால் அடியில் போய்ப் படிந்து தண்ணீரை மறித்துவிடும். சிவப்புத் தண்ணீர் மாடித் தூம்பு வழியே வெகுநேரம் ஓடியது.

புளியமரத்தைத் தொட்டியிலிருந்து எடுத்தபோது மண் தொட்டியின் அச்சாகவே வெளியே வந்தது. மூங்கில் குச்சியால் கலைவாணி கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்தாள். கறுத்த வேர்களை வெட்டினாள். நல்ல வேர்களைத் தண்ணீரில் அலசி, சீப்பால் தலை வாருவதுபோல விரித்தாள். மரத்தை நேராகப் பிடித்துக்கொண்டிருப்பது தங்கவேலின் வேலை.

"கெட்டியா பிடிக்காதீங்க. சும்மா புடிச்சுக்கினு இருங்க."

அவர் சும்மா பிடித்துக்கொண்டிருந்தார். அவள் கம்பி போட்டு வேரைத் தொட்டியோடு கட்டினாள். கல்லை அள்ளிப் போட்டு, குச்சியால் குத்திக் குத்தி வேர்களுக்கு நடுவே இறக்கினாள். கல்லோடு கல் உரசும் மெல்லிய சத்தம். வெயில் மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று அவருக்குத் தெரியாது. தன் கை எது, கிளை எது என்றே ஒரு கட்டத்தில் மறந்துபோயிற்று. அவள் குனிந்திருந்தாள். நெற்றியில் செங்கல் தூள் ஒட்டியிருந்தது. நிமிர்ந்து அவரைப் பார்த்தபோது அவள் கண்மணிகள் நல்ல தேன் நிறமாக இருந்தன. இது கறுப்பென்றல்லவா இத்தனை வருஷமும் நினைத்திருந்தோம் என்று தங்கவேல் நினைத்தார்.

சித்திரையில் கணியம்பாடியில் கல்யாணம். கலைவாணியின் தங்கை ஆனந்தியின் மகளுக்கு. அக்காள் முன்கூட்டியே போகாவிட்டால் ஆனந்தி விடமாட்டாள். ஆனால் வேர் வெட்டி வைத்த மரத்தை விட்டுவிட்டு இரண்டு பேரும் போக முடியாது. கலைவாணி முதலில் போவது, தங்கவேல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வருவது, அந்த ஒரு நாள் பெரியம்மாள் தண்ணீர் ஊற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. கிளம்பும்போது மாடிக்குக் கூட்டிப்போய் ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"செங்கல்லுக்குக் காலையில ஒரு வேளை போதும். பியூமிஸும் லாவாவும் தொட்டுப் பாத்து ஊத்துங்க. கருங்கல்லுக்கு மட்டும் காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. மறக்கக் கூடாது. புளிக்கு மேல பூவாளியில தூவுங்க."

"நான் இன்னா பச்சப் புள்ளையா?"

"மத்தியானம் தூங்கிடாதீங்க," என்றாள் படியிறங்கும்போது.

முதல் நாள் அவர் தூங்கவில்லை. முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, நடந்துகொண்டே இருந்து, வேளை தவறாமல் ஊற்றினார். இரண்டாம் நாள் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு, சொம்பை எடுக்கப் போகுமுன் ஒரு நிமிஷம் என்று கட்டிலில் உட்கார்ந்தார். கறுப்புத் துணி ஜன்னலில்தான் இன்னும் இருந்தது. அறைக்குள் பழைய இருட்டு அவருக்காகக் காத்திருந்தது போலிருந்தது. அதில் கூண்டு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. திறந்த கூரை வழியாக நட்சத்திரத்துக்குப் பதில் தண்ணீர் சொட்டியது. மேலே ஒரு புளியமரம் தலைகீழாகத் தொங்கி, வேரை விரித்துக் காட்டி, எனக்கு, எனக்கு என்றது.

எழுந்தபோது வெளியே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்குப் போனார்.

கருங்கல் தொட்டியில் இச்சிக் குச்சியின் இலைகள் சுருண்டு தொங்கின. திரும்பிப் புளியமரத்தைப் பார்த்தார். காலையில் விரிந்திருந்த அத்தனை இலையும் இரண்டிரண்டாக ஒட்டி, கிளையோடு சாய்ந்து கிடந்தது. மரம் பாதியாகச் சிறுத்துவிட்டிருந்தது.

குடத்தைத் தூக்கிவந்து ஊற்றினார். மறுபடியும் ஊற்றினார். தண்ணீர் ஊற்ற ஊற்ற அடித் துளை வழியே கலகலவென்று ஓடியது. இலை திறக்கவில்லை. கலைவாணிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் ஒலிபெருக்கியும் மேளமும் ஒரே இரைச்சல்.

"வாணி, போச்சு! செத்துப்போச்சு! என்னாலதான்... நான் தூங்கிட்டேன்..."

"யாரு? என்னாங்க? யாருக்கு இன்னா?"

இணைப்பு அறுந்துவிட்டது. அப்புறம் எத்தனை தடவை போட்டும் கிடைக்கவில்லை. மலையில் டவர் போனால் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. தங்கவேல் மரத்துக்குப் பக்கத்திலேயே, ஈரத் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

எப்போது கண் அசந்தார் என்று தெரியவில்லை. முகத்தில் வெயில் பட்டு விழித்தார். பனி இன்னும் முழுக்கக் கலையவில்லை. வெள்ளையாக மாடிச் சுவர்மேல் வழிந்துகொண்டிருந்தது. அதற்குள் புளியமரம் நின்றது. எல்லா இலையும் திறந்திருந்தது. ஒன்றுகூடக் குறையாமல். ஒவ்வொரு இலையிலும் பனித்துளி. அவர் அதைக் கனவென்றே நினைத்துக்கொண்டார். அசைந்தால் கலைந்துவிடுமோ என்று வெகுநேரம் அசையாமல் இருந்தார்.

உச்சிவேளை பஸ்ஸில் கலைவாணி வந்து இறங்கினாள். வேலூர் வந்து, வாணியம்பாடி வந்து, ஆலங்காயம் வந்து, பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். தலையில் நேற்று வைத்த கனகாம்பரம் வாடிக் கிடந்தது. கையில் நலங்கு மஞ்சள் அப்படியே இருந்தது. வாசலில் கூட்டம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தாள். இல்லை.

"யாரு?" என்றாள்.

"யாருமில்ல வாணி. ஒண்ணுமில்ல."

"செத்துப்போச்சுன்னு சொன்னீங்களே. கோகுலுக்குப் போன் போட்டா எடுக்கல. விடியக்காலையிலதான் எடுத்தான். அப்புறம் உங்க அண்ணனா, பெரியம்மாளா, யாருன்னே தெரியாம... எது செத்துச்சு?"

"புளிய மரம்... இலையெல்லாம் மூடிக்கிச்சு. நான் செத்துட்டுதுன்னு..."

அவள் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தங்கவேல் எதிரில் நின்றார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் வாங்கவில்லை. சொம்போடு நின்றுகொண்டே இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து மாடிக்குப் போனாள். அவரும் பின்னால் போனார். புளியமரத்தின் அடியில் விரலை விட்டுப் பார்த்தாள். தொட்டியின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள்.

"எத்தினி குடம் ஊத்துனீங்க?"

"தெரியல. கீழ டேங்க்குத் தண்ணியே தீர்ந்துபோச்சு."

"பழைய மண்ணுல இருந்திருந்தா இந்நேரம் மூழ்கிப் போயிருக்கும்." பிறகு கருங்கல் தொட்டியைப் பார்த்தாள். குச்சியைத் தொட்டதும் இலைகள் உதிர்ந்தன. "இது போச்சு."

"தூங்கிட்டேன் வாணி."

அவள் பலகையில் உட்கார்ந்தாள். மலைச்சரிவில் மேக நிழல் ஒன்று சாமைக் கொல்லைகளின் மேல் நகர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நீங்க ரிட்டையர் ஆவப் போறீங்கன்னதும் எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. ராத்திரி உங்களுது, பகல் என்னுதுன்னு இருந்தேன். சத்தம் போடாம நடந்து, சத்தம் போடாம பாத்திரம் கழுவி, இங்க வந்தாத்தான் எனக்கு மூச்சு வரும். இவரு வந்து இதையும் எடுத்துக்குவாரேன்னு இருந்துச்சு. அதான் சொம்ப வாங்கி வச்சேன்."

தங்கவேல் தரையில் உட்கார்ந்தார். "எனக்கு வேற போக்கிடம் இல்ல வாணி. வெளிய பாத்தா எல்லாம் அடுத்தவங்க வூட்டுக்குள்ள நுழைஞ்சிட்ட மாதிரியே இருக்குது. இங்க மட்டும்தான் கொஞ்சம் நம்ம இடம் மாதிரி..."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். வேட்டியெல்லாம் செங்கல் கறை. ராத்திரி முழுக்க ஈரத்தில் கிடந்து குரல் கட்டியிருந்தது.

"ஏங்க, புளியமரம் பொழுது சாஞ்சா இலை மடக்கும்னு சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியுமே."

"எனக்கும் தெரியும். சின்ன வயசுல பாத்திருக்கேன். மறந்துட்டுது. பொழுது சாயற நேரம்னா நான் ஜீப்புக்கு ஓடிக்கினு இருப்பேன், மரத்த எங்க பாத்தேன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. அழுத கண்ணோடு சிரிக்கத் தொடங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் கேட்டுப் பெரியம்மாள் கொல்லையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

மறுநாள் விடியற்காலை இரண்டு பேரும் சேர்ந்தே மலையிறங்கினார்கள். வழியிலேயே கலைவாணி போனில் நடந்ததைச் சொல்லிவிட்டிருந்தாள்; கல்யாண வீட்டுக்குள் கால் வைத்ததும் ஆனந்தி எதிரில் வந்து, "வாங்க மாமா, எங்க வூட்டு முன்னாடி நிக்கிற புளியமரம்கூட நேத்து சாயங்காலம் மயக்கம் போட்டுடுச்சு, இன்னா பண்றதுன்னு நீங்கதான் சொல்லணும்," என்றாள். பந்தல் முழுக்கச் சிரித்தது. தங்கவேலும் சிரித்தார். அவருக்கு அது பெரிய அவமானமாகப் படவில்லை. பகல் வெளிச்சத்தில் இத்தனை முகங்களை ஒருசேரப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு ஆடிக் காற்று வந்தது, ஐப்பசி மழை வந்தது. மழையில் செங்கல் தொட்டி ஓயாமல் ஈரம் கோத்துப் பாசி பிடித்தது. வெயில் காலத்தில் அதுதான் உயர்த்தி என்று இருவரும் நினைத்திருந்தார்கள். பியூமிஸ் மழையையும் வெயிலையும் ஒரே மாதிரி தாங்கியது. லாவா கல்லில் இருந்த இச்சி, யாரும் கவனிக்காத நேரத்தில், மற்ற இரண்டையும் தாண்டி வளர்ந்து நின்றது. ஏன் என்று இருவருக்கும் புரியவில்லை. அடுத்த முறை செங்கல்லை ஒரு பங்காகக் குறைத்துவிடலாம் என்றாள் கலைவாணி. குறைக்க வேண்டாம், நன்றாக வெந்ததாகப் பொறுக்கினால் போதும் என்றார் தங்கவேல். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

ஆனால் ஒன்று தானாகவே தீர்ந்துபோனது. தங்கவேலின் உடம்பு விடியலுக்கு வெகுமுன்பே விழித்துக்கொள்ளும். எத்தனை நாள் ஆனாலும் அது மாறாது என்று தெரிந்துவிட்டது. மத்தியானம் தூங்கிவிடும், அதுவும் மாறாது. அதனால் காலைத் தண்ணீர் அவருடையது, மத்தியானத் தண்ணீர் கலைவாணியுடையது என்று ஆயிற்று. யாரும் உட்கார்ந்து பேசி முடிவுசெய்யவில்லை. ஒரு நாள் கலைவாணி எழுந்துவருவதற்குள் எல்லாத் தொட்டியும் நனைந்திருந்தது. மறுநாள் அவள் கொஞ்சம் தாமதமாக எழுந்தாள். அடுத்த நாள் இன்னும் தாமதமாக.

மார்கழியில் ஒரு காலை. பனி அப்பிக்கிடந்தது. பெரியம்மாள் குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கொல்லைப் பக்கம் போனவள், மாடியில் உருவம் நடமாடுவதைப் பார்த்து நின்றாள்.

"இன்னாங்க, வாணி இன்னும் எழுந்திரிக்கலியா? நேரமாச்சே."

தங்கவேல் கைப்பிடிச் சுவருக்கு மேல் தலையை நீட்டி, உதட்டில் விரல் வைத்தார்.

"தூங்குது," என்றார் மெதுவாக.

பிறகு பூவாளியை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்து, தண்ணீர் கல்லில் விழுகிற சத்தம் கீழே கேட்காதபடி, மிகத் தாழ்வாகச் சாய்த்தார்.